கோயம்புத்தூர் கேட்ட ஆள்

கோட்டைச்சாமிக்கு எங்கள் நூல் மில்லில் வேலை கிடைத்தது அவருடைய உயரத்தால்தான். 1962இல் காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து, மாமன் ஒருவருக்குத் துணையாகக் காரைக்குடிக்கு வந்தவர், மில் வாசலில் வேப்பமரத்தடியில் சும்மா நின்றுகொண்டிருந்தார். காரில் உள்ளே போன முதலாளி வண்டியை நிறுத்தச் சொல்லி, அந்த ஆளைக் கூப்பிட்டு அளந்து பார் என்று என்னிடம் சொன்னார். நான் அப்போது டைம் ஆபீசில் புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க். சுவரோடு சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். ஆறடி ஒன்றேகால் அங்குலம். நூலைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்.

முதலாளி சென்னையில் படித்த காலத்தில் கூடைப்பந்து ஆடியவர். மில்லுக்கு ஒரு டீம் வேண்டுமென்பது அவருடைய ஆசை. பஞ்சு கோடவுனுக்குப் பின்னால் செம்மண்ணைக் கெட்டிப்படுத்தி ஒரு மைதானம் போட்டுக் கொடுத்திருந்தார். காலை ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும். நாலு மணிக்குத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புக் கோடு இழுத்து, இருட்டும்வரை ஆடுவார்கள். கோட்டைச்சாமி அதுவரை அந்தப் பந்தைக் கண்ணால் பார்த்ததில்லை. மூன்றே வருடத்தில் அவர்தான் கேப்டன். இடது பக்கத்து பார்வர்டு. துள்ளிக் குதிக்கிற ஆட்டமில்லை அவருடையது. எங்கே நின்றால் பந்து வரும் என்று தெரிந்து அங்கே போய் நின்றுகொள்வார். டிபார்ட்மெண்டிலும் அதே நிதானம். நூல் நூற்கிற ரிங் ஃபிரேமில் மேஸ்திரி ஆனார். நான் டீமுக்கு ஸ்கோர் எழுதுகிறவன். அதனால் இந்தக் கதையில் பாதிக்கு மேல் நான் கண்ணால் பார்த்தது. மீதி பிற்பாடு அவரே சொன்னது.

1969இல் சம்சுதீன் வந்தான். பத்தொன்பது வயது. ஆறடி இரண்டரை அங்குலம். பதிலி ஆளாகத்தான் எடுத்தார்கள். பதிலி என்றால் தினமும் காலையில் கேட்டில் வந்து நிற்க வேண்டும். உள்ளே யாராவது வரவில்லை என்றால் அந்த இடத்தில் அன்றைக்கு வேலை. எல்லாரும் வந்துவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அவனுடைய அத்தா இளையான்குடிப் பக்கத்திலிருந்து வந்து சந்தையில் வெற்றிலைக் கடை வைத்திருந்தவர். ஒரே மகன்.

சம்சுதீனின் ஆட்டம் முதல் வருடம் பார்க்கச் சகிக்காது. குதிப்பான், ஆனால் பந்து வருவதற்கு முன்பே குதித்துவிடுவான். எதிராளியின் கையில் அடித்து ஃபவுல் வாங்குவான். ஃப்ரீ த்ரோ பத்தில் மூன்று விழும். ஆனால் இரண்டாவது வருடம் என் ஸ்கோர் புத்தகத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. அவன் பெயருக்கு எதிரே ஃபவுல் குறைந்து பாயிண்டு ஏற ஆரம்பித்தது. மற்றவர்கள் குதித்து இறங்கிக்கொண்டிருக்கும்போது இவன் இன்னும் மேலேயே இருப்பான். அதைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் ஆள் வந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கோட்டைச்சாமிக்கு முழங்கால் வீங்கத் தொடங்கியிருந்தது. பயிற்சி முடிந்ததும் நல்லெண்ணெய் தடவிக் கட்டுப்போட்டுக்கொள்வார். முப்பத்தொரு வயது. அவருடைய இடத்துக்கு யார் வரப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

1971 ஏப்ரலில் கோயம்புத்தூர் மில் ஒன்றிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய மில், பெரிய டீம். எங்கள் சம்சுதீனை அவர்கள் கேட்டிருந்தார்கள். பதிலுக்குத் தங்கள் சென்டர் ஆட்டக்காரர் அழகுசுந்தரத்தைத் தருவதாக எழுதியிருந்தார்கள். அழகுசுந்தரம் மாநில அணிக்கு ஆடியவர். சொந்த ஊர் சிங்கம்புணரி. அங்கே அவருடைய தாயார் படுத்த படுக்கையாக இருந்ததால், ஊருக்குப் பக்கத்தில் வந்துவிட வேண்டுமென்று அவரே நிர்வாகத்தைக் கேட்டிருந்தாராம்.

லேபர் ஆபீசர் மெய்யநாதன் கோட்டைச்சாமியை அறைக்குக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டினார். விஷயம் சாதாரணமானதில்லை. முதலாளி நோயில் படுத்துவிட்டார், மகன்தான் இப்போது நிர்வாகம் பார்க்கிறார், அவருக்கு இந்த ஆட்டத்தில் ஈடுபாடு கிடையாது. மில் மைதானத்தில் வருடாவருடம் நடக்கிற மே மாத டோர்னமெண்டில் செமி ஃபைனலுக்காவது வராவிட்டால் டீமைக் கலைத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே வைத்துக்கொள்வதா, மாற்றிக்கொள்வதா என்று கேப்டன்தான் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அவகாசம்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது. சம்சுதீன் வந்தால் அன்றைய தேதியிலிருந்தே நிரந்தர வேலை. கோட்டைச்சாமி அதைப் படித்தார். முடிவாகும்வரை பையனுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் நம்மை மதிக்க மாட்டான் என்று மெய்யநாதன் சொன்னார். கோட்டைச்சாமி தலையாட்டிவிட்டு வந்தார். இந்த வரி எனக்கே நாலு வருடம் கழித்துத்தான் தெரியும்.

கோயம்புத்தூர் ஆள் கேட்கிறது என்ற அளவில் சேதி கேண்டீன் வரைக்கும் வந்துவிட்டது. டீமுக்குள் இரண்டு கட்சி. அழகுசுந்தரம் வந்தால் இந்த வருடம் செமி ஃபைனல் நிச்சயம், டீம் பிழைக்கும் என்று ஒரு கட்சி. நானும் அதில்தான் இருந்தேன். அவருக்கு முப்பது வயதாகிறது, இன்னும் இரண்டு வருடம் ஆடுவார், சம்சுதீனோ பத்து வருடம் ஆடுவான், வளர்கிற ஆளைக் கொடுத்துவிட்டு வளர்ந்து முடிந்த ஆளை வாங்குவது என்ன கணக்கு என்று மற்றக் கட்சி. நியாயம் இரண்டு பக்கமும் இருந்தது. அத்தனை பேர் பேசினோம். சம்சுதீனிடம் போய், உனக்கு என்னப்பா விருப்பம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவன் பதிலி. காலையில் கேட்டில் நின்று, வேலை இல்லாத நாளில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் கேண்டீனில் கோட்டைச்சாமி உள்ளே வருவது தெரியாமல் ஒருத்தன் சொன்னான்: "கேப்டன் அனுப்பிருவாக பாரு. அவன் இருந்தா இவுக பெஞ்சுலதான உக்காரணும்." நாலைந்து பேர் சிரித்தார்கள். கோட்டைச்சாமி டீயை வாங்காமலே திரும்பிப் போனதை நான் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவருக்கு நிம்மதி இல்லை. அனுப்புவதுதான் டீமுக்கு நல்லது என்று நினைத்தால், அது டீமுக்காகவா தன் இடத்துக்காகவா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடும். வைத்துக்கொள்வோம் என்று நினைத்தால், தன்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ளத்தான் அப்படி நினைக்கிறோமோ என்று தோன்றும். டிபார்ட்மெண்டில் நூல் அறுந்து ஓடுகிற ஃபிரேமைப் பார்த்துக்கொண்டே கவனிக்காமல் நின்று, முதல்முறையாக வார்னிங் வாங்கினார்.

வீட்டில் மனைவி நாகவல்லிக்கு மட்டும் முழுவதையும் சொன்னார். அந்த அம்மாள் சோறு போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே ஒரு கேள்விதான் கேட்டது.

"அந்தத் தம்பிகிட்டக் கேட்டீகளா?"

"சொல்லக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லியிருக்காக."

"ஆபீசரா போகப் போறாக? போறது அந்தத் தம்பிதான."

"ஒனக்கு ஆட்டம் தெரியாது, விடு," என்றார் கோட்டைச்சாமி. நாகவல்லி அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏழாம் நாள் அவர் மெய்யநாதனிடம் போய், ஆளைக் கொடுக்க வேண்டாம் என்றார். தான் பெஞ்சில் உட்காருவதாகவும், டோர்னமெண்டில் சம்சுதீனை முதலிலிருந்தே இறக்குவதாகவும் சொன்னார். அதற்குப் பதிலாக அடுத்து விழுகிற காலியிடத்தில் அவனை நிரந்தரம் செய்ய வேண்டும் என்று கேட்டார். பார்த்துக்கொள்ளலாம், என் பொறுப்பு என்று மெய்யநாதன் சொன்னார். அந்த வாய் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கோட்டைச்சாமி தன் மனதைச் சமாதானம் செய்துகொண்டார். இங்கேயும் நிரந்தரம் கிடைக்கப் போகிறது, அப்புறம் அங்கே கிடைப்பதைச் சொல்லாததில் என்ன தப்பு என்று.

அந்த மே மாதம் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. மைதானத்தைச் சுற்றிச் சவுக்குக் கம்பில் கேலரி கட்டி, மஞ்சள் விளக்குப் போட்டிருந்தார்கள். கால் இறுதியில் ஒரு ரயில்வே டீமை எதிர்த்து சம்சுதீன் இருபத்துமூன்று பாயிண்டு எடுத்தான். என் பென்சில் முனை ஒடிந்து பக்கத்து ஆளிடம் கடன் வாங்கி எழுதினேன். செமி ஃபைனலில் சென்னை டீம். ஆறு நிமிடம் இருக்கும்போது அவனுக்கு ஐந்தாவது ஃபவுல் விழுந்து வெளியே வந்துவிட்டான். கோட்டைச்சாமி முழங்கால் கட்டோடு இறங்கினார். நாலு பாயிண்டில் தோற்றோம்.

தோற்றாலும் சந்தோஷம்தான். டீம் பிழைத்துக்கொண்டது. சின்ன முதலாளியே வந்து கை கொடுத்தார். தன் இடத்தை விட்டுக் கொடுத்துச் சின்னவனை வளர்த்துவிட்ட கேப்டன் என்று கோட்டைச்சாமிக்குத் தொழிலாளர்கள் மாலை போட்டார்கள். கேண்டீனில் சிரித்தவனே முதல் மாலையைப் போட்டான். கோட்டைச்சாமி மாலையை உடனே கழற்றிக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடக்கம் என்று நினைத்தோம்.

அப்போது சம்சுதீன் அவர் பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, கோயம்புத்தூர்ல கேட்டதுக்கு நீங்கதான் விடமாட்டேன்னு சொன்னீகளாம்ல. எங்கம்மா ஒங்களுக்காகத் துவா செய்யிறாக."

சொல்ல வேண்டுமென்றால் அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூருக்கு எழுதினால் அப்போதும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கோட்டைச்சாமி அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனார்.

அந்த வருட நோன்புப் பெருநாளைக்கு சம்சுதீனின் தாயார் ரஹீமா, கேப்டன் வீட்டுக்கென்று தனியாக ஒரு சட்டி பிரியாணி கொடுத்தனுப்பினார். அதற்கடுத்த வருடமும் வந்தது. பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டார்கள். வயிறு சரியில்லை என்று சொல்லி இரண்டு வருடமும் கோட்டைச்சாமி அதைத் தொடவில்லை.

நிரந்தரம் வரவில்லை. அடுத்த காலியிடத்தில் சின்ன முதலாளிக்கு வேண்டிய ஒருவர் வந்தார். அதற்கடுத்ததில் இன்னொருவர். கோட்டைச்சாமி ஒவ்வொரு முறையும் மெய்யநாதனிடம் போனார். மெய்யநாதன் ஒவ்வொரு முறையும் அடுத்தது என்றார். 1972 கடைசியில் அவர் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். புதிதாக வந்த ஆபீசருக்கு இதெல்லாம் தெரியாது. எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒன்றும் இல்லை. அதே வருடம் சம்சுதீனின் அத்தாவும் இறந்துபோனார். கடையை ஏற்று நடத்த ஆளில்லை.

அடுத்து வந்த வருடங்களில் மின்வெட்டு. வாரத்தில் பாதி நாள் மெஷின் ஓடவில்லை. நிரந்தர ஆட்களுக்கே வேலை இல்லாதபோது பதிலிகளுக்கு எங்கே? கேட்டில் அறிவிப்பு ஒட்டினார்கள். ஒட்டின பிறகும் சம்சுதீன் நாற்பது நாள் வந்து நின்றான். நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். சங்கு ஊதியதும், யாரும் சொல்லாமலே திரும்பி நடப்பான். டீமும் நின்றது. கோடவுனுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடுகள் அழிந்து நெருஞ்சி முளைத்துவிட்டது.

சம்சுதீன் மரக்கடையில் லோடு ஏற்றப் போனான். அந்தக் காலத்தில்தான் இங்கே பெரிய வீடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விற்கத் தொடங்கியிருந்தார்கள். பர்மாத் தேக்கு உத்தரம் ஒவ்வொன்றும் பத்து ஆள் தூக்குகிற கனம். 1975 பிப்ரவரியில் அப்படி ஒரு உத்தரத்தை லாரியில் ஏற்றும்போது கயிறு நழுவி, அவனுடைய வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. நடுவிரலையும் மோதிர விரலையும் எடுத்துவிட வேண்டியதாயிற்று.

சேதி வந்த அன்று மதியம் கோட்டைச்சாமி டைம் ஆபீசுக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தார். கடிதத்தில் இருந்த அந்த வரியைப் பற்றி முதல்முறையாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். நடந்தது நடந்துவிட்டது, இப்போது போய்ச் சொல்லி என்ன ஆகப் போகிறது, அவனுக்கும் வருத்தம் உங்களுக்கும் வருத்தம் என்றேன். அவர், இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனிமேல் சொல்ல மாட்டேன் என்றார். துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

கழனிவாசல் பக்கம் ஓட்டு வீடு. சம்சுதீன் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனான். கோட்டைச்சாமி உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரி ஒரு சொல்லும் அதில் இல்லை. ஆபீசர் சொல்லக் கூடாதென்றார் என்பதைக்கூட அவர் அன்றைக்குச் சொல்லவில்லை.

சம்சுதீன் கட்டுப்போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு கேட்டான்:

"நெரந்தரம்னு எழுத்துலயே போட்டிருந்துச்சா?"

"போட்டிருந்துச்சு."

"நீங்களே படிச்சீகளா?"

"படிச்சேன்."

"நான் போயிருப்பேனா மாட்டேனா, அது எனக்கே தெரியலண்ணே. எங்கத்தா அப்ப இருந்தாக. அவுகளக் கேட்டிருப்பேன்." கையைத் திரும்பத் தலையணை மேல் வைத்தான். "என்னையக் கேட்டிருக்கலாம்."

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த ரஹீமா வெளியே வந்தார். எங்களுக்காகக் கொண்டுவந்த இரண்டு டம்ளர் டீ அவர் கையில் இருந்தது. அதைத் தரையில் வைத்துவிட்டுக் கோட்டைச்சாமியைப் பார்த்துச் சொன்னார்:

"நாலு வருசமா ஒங்களுக்குத் துவா செஞ்சிருக்கேன். டீயக் குடிச்சுட்டுப் போங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீக."

கோட்டைச்சாமி டீயைக் குடித்தார். குடிக்காமல் போவது இன்னும் அவமரியாதை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். திரும்பும் வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார்.

அதோடு முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் விடவில்லை. வாக்குக் கொடுத்து ஒரு தொழிலாளியைப் பிடித்து வைத்துக்கொண்ட மில், அவனுக்கு வேலை கொடுக்கத்தான் வேண்டும் என்று சங்கத்தில் போய் நின்றார். சங்கத்துச் செயலாளரும் பழைய கேள்வியையே கேட்டார். எழுத்தில் இருக்கிறதா? மில் ஃபைலில் அந்தக் கடிதம் இல்லை. இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். நான் தேடாத அலமாரி இல்லை.

கோட்டைச்சாமி மூன்று நாள் லீவு போட்டுக் கோயம்புத்தூருக்குப் போனார். அந்த மில்லில் விளையாட்டுச் செயலாளர் மாறிவிட்டார். ஆனால் அழகுசுந்தரம் அங்கேயே இருந்தார். ஆட்டத்தை விட்டுவிட்டு ஸ்டோர்ஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டைச்சாமி யார் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறிவிட்டதாம். 1971இல் மாற்றல் நின்றுபோன பிறகு அவருடைய தாயார் ஐந்து மாதம்தான் இருந்தார். தந்தி வந்து இவர் சிங்கம்புணரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

"வேணாம்னு சொன்னது யாருன்னு அப்ப எனக்குத் தெரியாது," என்றாராம் அழகுசுந்தரம். "யாரோ ஆபீசருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நம்மளப் போல ஆடுற ஒருத்தரா?"

சம்சுதீனை மட்டும்தான் கெடுத்தோம் என்று நினைத்துப் போன கோட்டைச்சாமிக்கு, முகம் தெரியாத இன்னொருவருடைய வீட்டுக்குள்ளும் தன் கை போயிருப்பது அங்கேதான் தெரிந்தது. அவர் எழுந்து கிளம்பப் பார்த்தார். அழகுசுந்தரம் உட்காரச் சொன்னார். மாற்றல் தன் விஷயம் என்பதால் அந்தக் கடிதத்தின் நகல் ஒன்றை அவரும் வாங்கி வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார். அவனுக்காகத்தான் தருகிறேன், உங்களுக்காக இல்லை என்று சொல்லித்தான் கொடுத்தார்.

அந்த நகலை வைத்துச் சங்கம் வழக்குப் போட்டது. விசாரணை மதுரையில், 1976இல் நடந்தது. போவதற்கு முன்னால் நாகவல்லி தடுத்தது. முன்பு அந்தத் தம்பியைக் கேட்டீகளா என்று கேட்ட அதே அம்மாள்தான். மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள், எமர்ஜென்சி காலம், நிர்வாகத்துக்கு எதிராகச் சாட்சி சொன்னால் சும்மா விடுவார்களா என்று அழுதது. கோட்டைச்சாமி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்று நாகவல்லி வாசல்வரை வரவில்லை.

மில்லின் வக்கீல் வாய் வார்த்தை எதுவும் கொடுக்கப்படவில்லை என்று சாதித்தார். கடிதத்தின் நகலைப் பார்த்ததும் வேறு வழியில் திரும்பினார். ஓர் ஆட்டக்காரனின் எதிர்காலத்தைப் பற்றி அவ்வளவு அக்கறை உள்ளவர், நாலு வருடம் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தார்? அதில் அவருக்கு என்ன லாபம்?

"என் எடத்தக் காப்பாத்திக்கிறதுக்கு அவன அனுப்பிட்டேன்னு மத்தவுக பேசக் கூடாதுன்னு நெனச்சேன்," என்றார் கோட்டைச்சாமி. "என் பேரு கெடாம இருந்துச்சு. அதுதான் லாபம்."

வக்கீல் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் சம்சுதீன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கு நீண்டால் மற்றப் பதிலிகளும் கிளம்புவார்கள் என்று நிர்வாகம் பயந்திருக்க வேண்டும். இரண்டு மாதத்தில் ஒப்பந்தம் ஆயிற்று. சம்சுதீனுக்கு கேட்டில் நிரந்தர வேலை. வருகிற ஆட்களின் கார்டை வாங்கி நேரம் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். எங்கள் டைம் ஆபீசோடு சேர்ந்த வேலைதான். அடுத்த மாதமே கோட்டைச்சாமியின் மேஸ்திரி வேலை போய்விட்டது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. ரிங் ஃபிரேமில், தான் வேலை வாங்கிக்கொண்டிருந்த ஆட்களோடு ஆளாக நின்றார். முழங்காலோடு எட்டு மணி நேரம் நிற்பது லேசில்லை. நாகவல்லி பத்து நாள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள் எண்ணெயைச் சூடுபண்ணி எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தது.

சம்சுதீன் இடது கையால் எழுதப் பழகினான். முதலில் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். நான் திருத்தி எழுதிக்கொள்வேன். ஆறு மாதத்தில் என் கையெழுத்தைவிடத் தெளிவாக எழுதினான். கல்யாணமும் ஆயிற்று. எங்கள் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் உள்ளே அனுப்புவான். கோட்டைச்சாமியின் முறை வரும்போது மட்டும் கார்டிலுள்ள நம்பரைச் சொல்லுவான். நூற்று நாற்பத்தேழு. கோட்டைச்சாமி கார்டைக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு போவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். வேலை வாங்கித் தந்த மனிதரிடம் இவ்வளவு வைராக்கியம் ஆகாது என்று நான் ஒருமுறை சம்சுதீனிடம் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"அவுக வாங்கிக் குடுத்தத நான் மறக்கல சார். கை நல்லா இருந்தப்ப நடந்ததையும் மறக்க முடியல. ரெண்டும் இருக்கு. என்ன செய்யச் சொல்றீக?"

கோட்டைச்சாமியும் அவனிடம் எதையும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. வேறு டீம்களின் ஆட்டம் நடந்தாலும் பார்க்கப் போவதை அவர் நிறுத்திவிட்டார். யாராவது பழைய டோர்னமெண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

1979 ஐப்பசியில் ஒரு நாள், மதிய ஷிப்டுக்கு ஆட்கள் கேட்டில் வரிசையாக நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. குடை வைத்திருந்தவர்கள் விரித்தார்கள். மற்றவர்கள் வேப்பமரத்துக்கு ஓடினார்கள். கோட்டைச்சாமி ஓடவில்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு அவரால் ஓட முடியாது. கார்டைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு நின்ற இடத்திலேயே நனைந்துகொண்டிருந்தார். நான் ஜன்னலைச் சாத்த எழுந்தேன். அப்போது சம்சுதீனின் குரல் கேட்டது.

"ஏன் நனையிறீக? இங்குட்டு வாங்க."

அவனுடைய மேசைக்கு மேலே ஒரு தகரக் கூரை உண்டு. இரண்டு பேர் நெருக்கி நிற்கலாம். கோட்டைச்சாமி கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். தன்னைத்தான் கூப்பிட்டானா என்று சந்தேகமோ என்னவோ. பிறகு மெதுவாக நடந்து போய், கூரைக்கடியில் அவன் பக்கத்தில் நின்றார். சம்சுதீன் நோட்டு நனையாமல் அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். மழை விட்டுச் சங்கு ஊதுகிறவரை இருவரும் சாலையைப் பார்த்தபடி நின்றார்கள்.

சங்கு ஊதியதும் மற்றவர்கள் திரும்பி வந்து வரிசையில் நின்றார்கள். கோட்டைச்சாமியும் கூரையை விட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் பின்னால் போய் நின்றுகொண்டார்.